பின்னறை காலியாகும் வரை

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு தறிக்குத்தான் இடம். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். என் கணவர் நெய்தால் நான் சும்மா இருக்க வேண்டும், நான் உட்கார்ந்தால் அவர் சும்மா. இரண்டு பேருக்கும் தொழில் தெரிந்தும் ஒரு ஆள் கூலிதான் வந்தது. அதனால் எழுபதுகளின் கடைசியில் சொந்த வீடு வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது, நாங்கள் நினைத்தது வாசலையோ சமையலறையையோ அல்ல. இரண்டாவது தறியைத்தான்.

என் சங்கிலியையும் கம்மலையும் அடகு வைப்பது. மீதிக்குத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி, இரண்டாவது தறியின் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. முதல் தறியின் கூலி சாப்பாட்டுக்கு. தீபாவளித் துணிக்கோ ஜுரத்துக்கோ அந்தக் கணக்கில் இடமே இல்லை. “மூணு வருஷம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்துடலாம்” என்றார் என் கணவர்.

சேவூர் பக்கம் எங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒரு வீடு கிடைத்தது. முன்னால் கூடம், பின்னால் ஓர் அறை. விற்றவர் ஒரு விதவை, ஐம்பதைத் தாண்டியவர். செய்யாறில் இருந்த மருமகன் சைக்கிள் கடை வைக்கப் பணம் கேட்டிருந்தாராம். விலையைக் குறைத்துக்கொண்ட அந்த அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பொங்கல் முடிஞ்சதும் பொண்ணு வந்து என்னைக் கூட்டிக்கினு போயிடும். அதுவரைக்கும் பின்னறையில இருந்துக்கிறேம்மா.”

சரி என்றோம். பொங்கல் வந்தது, பெண் வரவில்லை. சித்திரையும் போயிற்று. பின்னறையில் அவருடைய டிரங்குப் பெட்டியும் ஸ்டவ்வும் இருந்தன. எங்கள் இரண்டாவது தறியின் மரங்கள் பின்பக்கச் சுவரில் சாய்ந்து மழையில் நனைந்தன. முதலாளியின் ஆள் வந்து, “அந்தத் தறி இன்னா ஆச்சு?” என்று கேட்டுவிட்டுப் போவார். முன்பணம் குறையவில்லை. நகை மேல் வட்டி ஏறியது. நாங்கள் சண்டை போடுவதுகூடக் கிசுகிசுப்பாகத்தான், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமே. காசு கொடுத்து வாங்கிய வீட்டில் வாய்விட்டுப் பேச முடியவில்லை.

அந்த அக்காவுக்கும் புரிந்திருக்கிறது. ஒருநாள் முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து நீட்டினார். “வாடகைன்னு வெச்சிக்கோம்மா.”

நான் கையை நீட்டிவிட்டேன். கணவர் சட்டென்று, “அதெல்லாம் வேணாங்க” என்றார். பிறகு என்னைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

“வாடகை வாங்கினா அவங்க குடித்தனக்காரங்க ஆயிடுவாங்க. அப்புறம் கோர்ட்டுக்குப் போனாகூட அனுப்பறது கஷ்டமாம். பத்திரம் எழுதினவர் சொன்னாரு.”

நான் உள்ளே போனதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த மனசு யாருக்கும்மா வரும்?” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் நானே அவரை பஸ்ஸில் ஏற்றிச் செய்யாறுக்குக் கூட்டிப் போனேன். சைக்கிள் கடையில் நல்ல வியாபாரம். மருமகன் டயரைக் கழற்றிக்கொண்டே, “வீடு சின்னதுங்க. ஆடி போகட்டும், பார்க்கலாம்” என்றார். பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். தலையை நிமிர்த்தாமலே உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது அந்த அக்கா சொன்னார்: “அவர் இப்படித்தான் சொல்வார்னு எனக்குத் தெரியும். நீ ஒருவாட்டி கண்ணால பார்க்கட்டும்னுதான் வந்தேன். பொண்ணு மேல கோவப்படாதே. அவ கையில ஒண்ணும் இல்ல.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். “அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கவா?” என்று கத்தினார் கணவர். அன்றைக்குக் குரலை அடக்க அவருக்குத் தோன்றவில்லை. பின்னறையில் ஸ்டவ் சத்தம் நின்றது.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் முதலாளி வீட்டில் புடவையைக் கொடுத்துவிட்டு வந்தபோது பின்னறை திறந்து கிடந்தது. பெருக்கித் துடைத்து வைத்திருந்தது. பெரணமல்லூரில் ஒரு வீட்டில் சமைக்கப் போவதாகச் சொல்லிப் பெட்டியோடு பஸ் ஏறினார் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அந்த அறைக்குள் போகாமல் இருந்தோம். மூன்றாம் நாள் தறிக்குழி வெட்ட ஆள் வந்தான்.

முன்பணம் தீர, சொன்ன மூன்று வருஷத்துக்கு மேலேயே ஆயிற்று. சங்கிலியை மீட்டோம். கம்மல் அடகிலேயே மூழ்கிப்போனது.

எண்பதுகளில் ஒரு மத்தியானம் அந்த அக்காவின் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். மிகவும் இளைத்திருந்தாள்.

“அம்மா இருக்காங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இவளுக்குத் தெரியாதா? பெரணமல்லூர் என்று மட்டும் சொன்னேன். எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டாள். எனக்கே தெரியாது. கேட்டு வைக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

தண்ணீர் கொடுத்தேன். குழந்தைக்குப் புகட்டிவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். பஸ் நிற்கும் இடம்வரை அவளோடு நடந்தேன். அம்மாவைக் கண்டுபிடித்தாளா என்று யாரும் வந்து எங்களுக்குச் சொல்லவில்லை.