பாபநாசத்து வேட்டி

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு வீடு பாபநாசத்தில், எங்களுக்கு ஸ்ரீவைகுண்டத்தில். இரண்டு ஊரிலும் ஓடுவது ஒரே தாமிரபரணிதான். அதை மாமா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். லீவுக்கு அப்பாவோடு போயிருந்தபோது மாமா எங்களைப் படித்துறைக்கு அழைத்துப் போனார். பொய் சொல்லக்கூடாது, அழகுதான். பச்சை மலை, கறுத்த பாறை, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். எங்கள் ஊரில் மலையும் கிடையாது, பாறையும் கிடையாது. ஆறு அகன்று கிடக்கும். மேலே ஆகாயத்தாமரை, எங்கள் பேச்சில் அமலைச்செடி, மண்டியிருக்கும், மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் கலங்கி நிற்கும், கரை நெடுக வாழை. ஆனாலும் நாங்கள் குளிப்பதும் குடிப்பதும் அதைத்தானே. மாமா செல்போனில் மலையைப் படம் பிடித்துக்கொண்டே அப்பாவிடம், “என்ன மாப்ள, உங்க ஊர்ல ஓடுதது ஆறாவே? சாக்கடைல்லா” என்றார். அப்பா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தோடு விட்டாரா? ஜோசியர் ஏதோ பரிகாரம் சொல்லியிருந்தாராம். முங்கி எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு, உடுத்தியிருந்த வேட்டியை அப்படியே ஆற்றோடு விட்டார். அவருக்கு முன்னால் பாவம் தொலைத்தவர்களின் சேலையும் சட்டையும் பாறை இடுக்கெல்லாம் சிக்கிக் கிடந்தன.

“மாமா, அது எங்க ஊருக்குல்லா வரும்” என்றேன்.

“ஏட்டி, பேசாம வா. திரும்பிப் பாக்கப்பிடாது.”

பரிகாரத்தின் விதி அதுவாம். எவ்வளவு வசதியான விதி! அப்பா ஒரு வார்த்தை கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். “உங்கம்மையோட அண்ணம்லா. மல்லுக்கா நிக்க முடியும்?” என்று அவராகவே சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எங்கள் வாழைக்குத் தண்ணீர் வரவில்லை. அணைக்கட்டுப் பக்கம் வாய்க்கால் மடையை எதுவோ அடைத்திருந்தது. அப்பா பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். அமலைச்செடிக்குள் சுருண்டு கிடந்தது ஒரு வேட்டி. யாருடையதோ. எனக்கு அது மாமாவுடையதுதான். அப்பா கம்பால் அதை இழுத்து, தூக்கி, அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து ஏரல் ஊருக்கு ஓடுகிற தண்ணீரில் எறிந்தார்.

“போ. இனி ஏரல்காரன் பாத்துக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்.

கடைசியில் அப்பா மாமாவுக்குச் சரியான பதில் கொடுத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஏரலிலும் படித்துறை இருக்கும், அதில் ஒரு பிள்ளை நிற்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.