பார்த்த மழையை மட்டும் எழுதியவர்

சம்பங்கி அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் தள்ளுவண்டியில் ஒரு வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப் பெட்டிக்கடைத் தொலைபேசியில் ஆனேக்கல்லிலிருந்து அவர் மகள் கூப்பிட்டாள். "மாமா, அப்பா காலைல போயிட்டாரு" என்றாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்த கரியைக் கொட்டி அணைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வேட்டி பாதி மடிப்பிலேயே கிடந்தது.

பெங்களூர் தொம்மலூரில் பெரிய மோரிச் சாக்கடையை ஒட்டிய நம் சந்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு விவசாயப் பண்ணை ஒன்றில் அட்டெண்டராக இருந்தவர். தினமும் பெய்த மழையை அளப்பதும் அங்கே அவர் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று வந்ததும் தன் வீட்டு மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்தார். மேலே புனல், அடியில் பாட்டில், அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. காலை எட்டரைக்கு ஏணியில் ஏறுவார், அளப்பார், இறங்கி நோட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளிலும் ஏறுவார்.

"என்ன அண்ணே, வருண பகவானுக்கு அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்று கீழே இருந்து யாராவது கத்துவார்கள்.

"போட்டாச்சு. இன்னிக்கு அவரு லீவு."

சித்திரையில் மாம்பழ மழை எந்த நாளில் வந்தது, ஆலங்கட்டி எந்த வருடம் வீட்டு ஓடுகளை உடைத்தது எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதி கேட்டபோது திகைத்து நின்ற ஒரு தாய், "பெரிய காத்துல பஸ் ஸ்டாப் மரம் சாஞ்சுதே, அதுக்கு மறுநாள் பொறந்தாண்ணா" என்றாள். அவர் நோட்டைப் புரட்டித் தேதியைச் சொன்னார். அந்தப் பையன் இன்றும் அந்தத் தேதியில்தான் மிட்டாய் கொடுக்கிறான்.

ஒருமுறை மகளின் பிரசவத்துக்காக அவர் ஆனேக்கல் போக வேண்டியிருந்தது. "முனிசாமி, நாலு நாளு எட்டரைக்கு ஏறி அளந்து எழுதி வெய்யி" என்று குவளையையும் நோட்டையும் என்னிடம் கொடுத்தார். தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. துணிகளுக்கு நான் போடும் குறிகள் மட்டுமே தெரியும். இத்தனை வருடப் பழக்கத்தில் அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலி குவார்ட்டர் பாட்டில்களைக் கழுவி எடுத்து, ஒவ்வொரு நாள் மழையையும் ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி அலமாரியில் வரிசையாக வைத்தேன். அண்ணன் வந்து அளந்துகொள்வார் அல்லவா? என் மனைவி கன்னியம்மா பார்த்துவிட்டு, "இந்த வயசுல குடிக்கக் கத்துக்கினியா?" என்றாள்.

மூன்றாம் நாள் இரவெல்லாம் மழை. விடியும்போது மோரி பொங்கி, நம் சந்தில் எல்லா வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு சாக்கடை நீர். அதிலும் எட்டரைக்கு ஏறி அன்றைய மழையைப் பாட்டில்களில் பிடித்து வைத்துவிட்டேன். ஆனால் குடிநீர்க் குழாயிலும் சாக்கடை கலந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பாலுக்கு அழுதது. கன்னியம்மா அன்று நான் பிடித்து அலமாரியில் வைத்த சுத்தமான நீரைப் பார்த்தாள். காய்ச்சிப் பால்பொடி கரைத்துக் கொடுத்துவிட்டாள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

அண்ணன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. "யோவ், இத்தினி வருஷமா மழைய எழுதுறேன். மழையவே புடிச்சு வெச்ச ஆளு நீதான்யா!"

சிரித்தாலும் நஷ்டம் பெரிது. மோரியின் குறுக்கே ஒரு கட்டடக்காரர் பலகைக்கல் போட்டு அதைப் பாதியாகக் குறுக்கியிருந்தார். வெள்ளம் வந்தது அதனால்தான் என்று சந்தே சொன்னது. பார்வையிட வந்த அதிகாரி, "மழை ஜாஸ்தி, என்ன பண்றது?" என்றார். இதைவிடப் பெரிய மழைகளில் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை என்று காட்ட அண்ணனிடம் நோட்டு இருந்தது. ஆனால் அந்த நாளின் அளவு மட்டும் இல்லை.

"ஒரு நம்பர் போட்டுக் குடுண்ணா, யாருக்குத் தெரியப்போவுது?" என்று எல்லோரும் கெஞ்சினார்கள்.

"பாத்திருந்தா எழுதுவேன். ஒண்ணு பொய்யின்னா மீதியும் பொய்யி" என்றார். அந்தத் தேதிக்கு நேராக 'அளவு இல்லை' என்று எழுதினார். அதிகாரி போய்விட்டார். சந்தில் பலர் அண்ணனோடு ஒரு மாதம் பேசவில்லை. குற்றம் என்னுடையது. பேச்சு நின்றது அவரோடு.

அந்த மாதமே வார்டுப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடந்த மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதலில் எண்கள், பிறகு எழுத்து. ஒரு கடைப் பலகையை முதல்முறை படித்த அன்று அதற்கு எதிரிலேயே கால் மணி நேரம் நின்றேன். அடுத்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு மூட்டுவலி. ஏணியில் நான் ஏறினேன். நோட்டில் என் கோணல் எண்கள் வரத் தொடங்கின.

அந்த ஆண்டும் வெள்ளம் வந்தது. அந்த மழையை நானே அளந்து நானே எழுதினேன். இம்முறை வந்தவர் ஒரு பெண் எஞ்சினியர். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இதைவிடப் பெரிய மழைகள் ஐந்தாறு முந்தைய பக்கங்களில் இருந்தன. எந்த வீட்டிலும் அப்போது தண்ணீர் ஏறவில்லை. எண் இல்லாத ஒரு வரியில் விரலை வைத்து, "இது ஏனு?", இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணன் அவருக்குக் கன்னடத்திலேயே பாட்டில் கதையையும் குழந்தை கதையையும் சொன்னார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இல்லாததை இல்லை என்று எழுதிய நீங்கள் இருப்பதையும் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள் என்றார். கோணல் எழுத்தைக் காட்டி யார் எழுதியது என்று கேட்டபோது அண்ணன் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

மறு மழைக்கு முன் பலகைக்கற்கள் போயின. மோரி பழைய அகலத்துக்கு வந்தது. அதன்பின் நம் சந்தில் யாரும் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றவில்லை.

அவர் நினைவாக இதை எழுதச் சொன்ன சந்துக்காரர்கள் அவர் பிறந்த ஊர், இளமைக் காலம், கடைசியாகச் சொன்ன வார்த்தை எல்லாம் வேண்டும் என்றார்கள். அவர் இளமையை நான் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் நான் அருகில் இல்லை. நான்கு நாட்களாக எழுத்துக் கூட்டி எழுதிய இந்தத் தாள்களில், நான் கண்ணால் பார்த்த சம்பங்கி அண்ணன் மட்டும் இருக்கிறார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த ஒரு பழக்கம். மற்றதைத் தெரிந்தவர்கள் எழுதட்டும். இடம் விட்டிருக்கிறேன்.