நம் அணியிடம் பந்து இருக்கும்போது கத்தாதீர்கள்

ஜெர்மனியில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். சந்தோஷமான பயணம் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

டார்ம்ஸ்டாட்டில் என்னோடு படித்து, பாதியில் விட்டுப்போன நிரோஷன் இப்போது வுப்பர்டாலில் ஓர் உள்ளூர் அணியில் ஆடுகிறான். போன செப்டம்பரில் சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவு. "வா மச்சான், அப்பாவும் முதல் தரம் வாறார்" என்றான். அதுதான் பெரிய செய்தி. இந்த விளையாட்டால்தான் படிப்பு கெட்டது என்று அவருக்குக் கோபம். அப்பாவும் மகனும் பேசத் தொடங்கினால் ஏச்சில்தான் முடியும்.

மாதச் சீட்டில் லோக்கல் ரயில். எட்டுக்குக் கிளம்பியவன், கொலோனில் இணைப்பைத் தவறவிட்டு ஒன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மழை வேறு. நிரோஷனின் அப்பா காரோடு நின்றார்.

"தம்பி, இதில என்னத்தைப் பாக்கிறது? ஆளுக்கு மேல ஆள் விழுறாங்கள்."

டிக்கெட் எட்டு யூரோ. ஈரப் பலகையில் உட்கார்ந்து, நான் படித்துவிட்டு வந்ததை அவருக்குச் சொன்னேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. தாக்க ஓர் ஆட்கூட்டம், தடுக்க வேறொன்று. பந்து கைமாறினால் ஆட்களும் மாறுவார்கள். நிரோஷன் தாக்கும் முன்வரிசை. பந்து நகரும்வரை அவர்கள் அசையவே கூடாது, அசைந்தால் ஐந்து கெஜம் பின்னால்.

மூன்று மணி நேரம் நனைந்தோம். கடைசி நிமிடங்களில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான்காவது முயற்சி, இரண்டே கெஜம் வேண்டும். கூட்டம் சட்டென்று அடங்கியது. அப்பா துள்ளி எழுந்தார்.

"நிரோஷன்! விடாதை!"

நிரோஷன் தலையைத் திருப்பி அசைந்துவிட்டான். தவறு என்று நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். இரண்டு கெஜம் ஏழாகி, வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் புல்லில் விழுந்தது. அத்தோடு முடிந்தது, கீழ்ப் பிரிவுதான். நம் அணியிடம் பந்து இருந்தால் பேசவே கூடாது, பந்து எப்போது நகரும் என்ற கட்டளை வீரர்களுக்குக் கேட்காது என்று பக்கத்து ஜெர்மன் அம்மா பிறகு சொன்னார். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்குச் சேறோடு வந்தான் நிரோஷன்.

"நான் கூப்பிட்டபடியாத்தான் அசைஞ்சனியோ?"

"ஓம். ஏசத்தான் கூப்பிடுறியள் எண்டு நினைச்சன் அப்பா."

அணியோடு இருக்கப்போவதாகச் சொல்லித் திரும்பிவிட்டான்.

போகிறவர்கள் மழைச்சட்டையும் உட்கார ஏதாவது விரிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு திரும்பும் ரயில் நேரத்தை நம்ப வேண்டாம். ஸ்டேஷனுக்கு அப்பாதான் காரில் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது கேட்டார்.

"எப்பதான் கத்தலாம் தம்பி?"

"எதிர் டீம்கிட்ட பால் இருக்கும்போது, அங்கிள்."

"அப்ப நிரோ எங்க நிப்பான்?"

"வெளியில, பெஞ்ச்ல."