பன்னேர்கட்டாவுக்குப் போகாத நாய்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று காட்டு விலங்குகளின் நோய்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. களைப்புதான் உண்டு.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, அப்பாவின் ஆட்டோவில் எங்கள் தெரு நாய் சாக்கின்மேல் படுத்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும் சீழ். தாடை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் ஒரு பொட்டலம் பிரியாணி. எங்கள் பக்கத்தில் நாய்க்கு முடியாமல் போனால் இப்படித்தான். வயிறாரப் போட்டு, ஊருக்கு வெளியே பன்னேர்கட்டா காட்டோரம் விட்டுவிட்டு வருவார்கள். அதைப் புண்ணியம் என்றே நினைக்கிறார்கள்.

"எறக்குப்பா," என்றேன்.

"காட்டுல காத்தோட்டமா கெடக்கட்டும்மா. இங்க கல்லால அடிக்கிறாங்க."

"இது டிஸ்டெம்பர்ப்பா, நாய்க்கு நாய் ஒட்டுற நோய். அங்க செந்நாய்ங்க இருக்கு. ஒண்ணுக்கு ஒட்டுனா கூட்டமே போயிடும். மிச்சம் இருக்கறதே கொஞ்சந்தான்."

எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்து சிரித்தாள். "காட்டு நாய்க்கு வக்கீலு வந்துட்டா. தெரு நாய்க்கு யாருடி?"

அப்பா கேட்டார். "அந்தச் செந்நாய நீ பாத்திருக்கியா?"

ஆய்வகத்துக்குச் சோதனைக் குழாய்களில் வரும் அதன் ரத்தத்தைத்தான் பார்த்திருக்கிறேன். "இல்லப்பா."

"இத நான் தெனம் பாக்குறேன்." முதல் சவாரிக்கு முன்னால் அதற்கு பன் போடுவது அவர்தான். அது சாவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"மாடிப்படிக்கு அடியில கெடக்கட்டும். நான் பாத்துக்குறேன்."

அப்பாவே அதைத் தூக்கி இறக்கினார். மற்ற நாய்கள் நெருங்காதபடி பலகை வைத்து அடைத்தோம். கால்நடை டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டார், நோய்க்கு மருந்தில்லை என்றார். காலையில் பிளீச்சிங் தண்ணீரில் கையையும் செருப்பையும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். தெருவில் மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி மாநகராட்சியில் ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டேன். வருகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

நாய் செத்தது. புதைத்துவிட்டு வந்த அப்பா சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு ஒருநாள், நான் செருப்பைக் கழற்றும்போது வாசலில் வந்து நின்றார்.

"பின் தெருவுல ஒரு நாய்க்கு மூக்கு ஒழுகுதாம். காட்டுல விட என்னைக் கூப்ட்டாங்க. முடியாதுன்னுட்டேன்."

"நல்லதுப்பா."

"வேற ஆட்டோ பாத்துக்குறாங்களாம்."

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். "எந்த வீடுப்பா?"