ஒரு சாண் மூச்சு

தாணம்மாள் ஊதினால் ஈர விறகும் பற்றிக்கொள்ளும் என்று கடியப்பட்டணம் பக்கத்துப் பனங்காட்டில் பேச்சு. கருப்பட்டி காய்ச்சும் அடுப்பின் முன்னே இருபத்தைந்து வருஷம் ஊதினாள். புகை சும்மா விடுமா? 1955இல் அவளால் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேல்பாகம் பெரிய காற்றுப் பையாக வீங்கி, நல்ல பாகத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்தால் பிழைப்பாள்; விட்டால் அடுத்த மழைக்காலம் தாண்டமாட்டாள். ஆனால் கத்தியைத் தாங்கவும் கொஞ்சம் மூச்சு மிச்சம் வேண்டுமே! பெரிய டாக்டர் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தார்.

"ஊதி அணை."

தாணம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். சுடர் அசையவில்லை. இரண்டாம் தரமும் அப்படியே. ஆப்பரேஷன் முடியாது என்று எழுத டாக்டர் பேனாவை எடுத்தார். மூலையில் நின்ற அவள் புருஷன் வைகுண்டராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டார். தினமும் நாற்பது பனை ஏறி இறங்குகிற ஆள் அவர்.

நர்ஸ் நேசபாய்க்கு மட்டும் சந்தேகம். குனிந்து கேட்டாள்: "அக்கா, முடியலியா, மனசில்லியா?"

"வெளக்க... வாயால ஊதி... அணைக்கப்பிடாது மக்கா. அய்யா தாங்கல்ல... வெளக்கு வைக்கியவ... நான்."

அய்யாவைக் கும்பிடுகிற கோயிலுக்குத்தான் அங்கே தாங்கல் என்று பெயர். உயிர் ஊசலாடுகிற நேரத்தில் இப்படியும் ஒரு பிடிவாதம்! யாருக்கும் கோபம் வரும், நேசபாய்க்கும் வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி அடுக்களைக்கு ஓடி, ஒரு தட்டில் சாம்பல் மூடிய கனலை அள்ளிவந்தாள்.

"டாக்டர், அதே தூரத்தில இத ஊதச் சொல்லுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

தாணம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது. முதல் தரம் இருமல்தான் வந்தது. "அய்யா, காப்பாத்தும்" என்று முனகினார் வைகுண்டராஜன். அடுத்த தரம் சாம்பல் பறந்து டாக்டரின் வெள்ளைக் கோட்டில் படிந்தது. கனல் சிவந்தது.

"நாளைக்குக் காலையில ஆப்பரேஷன்" என்றார் டாக்டர்.

மறுநாள் நான்கு மணி நேரம் வைகுண்டராஜன் வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்த டாக்டர், "பிழைச்சுட்டா. இனி அடுப்புப் பக்கம் விடாதீங்க" என்றார்.

இருபதாம் நாள் தாணம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புருஷனைக் கண்டதும் ஏசத் தொடங்கினாள்.

"இந்த அழுக்கு வேட்டியோடயா ஆஸ்பத்திரிக்கு வந்திய, வீட்ல ஆட்ட அவுத்துக் கட்ட ஆளுண்டா, பிள்ளையளுக்குச் சோறு பொங்கிக் குடுத்தியளா, நீங்க வல்லதும் தின்னியளா?"

அவ்வளவும் ஒரே மூச்சில்.

வைகுண்டராஜன் அழுதுவிட்டார். "இன்னொருக்க ஏசு, தாணம்மா" என்றார்.