லேசான விசை

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தின் மனுரேவாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. இதைச் சொன்னால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் உடனே என் கணவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மனுசன் பாவம், குளியலறையில் சிலந்தி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார். துப்பாக்கி என்னுடையது. நான் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து, அவரைத் தனியாக இருத்தி, மனைவியிடம் உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா என்று கேட்டாராம். "கலியாணம் கட்டின நாளிலயிருந்து," என்று இவர் பகிடி விட்டிருக்கிறார். அதிகாரி சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டு போனார். லைசென்ஸ் கைக்கு வரத் தாமதமானதற்கு இன்றுவரை அந்தப் பகிடியைத்தான் நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னைச் சுடப் பழக்கியது ஒரு மலேசிய அக்கா. ஹில்ஸ்பரோவில் இருந்தார், உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்புக்கு இரண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். உள்ளே பிள்ளைகள் அ, ஆ எழுத, வெளியே நாங்கள் காருக்குள் இருந்து கதைப்போம். ஒருநாள் அவர், தான் சனிக்கிழமைகளில் ஒரு துப்பாக்கிக் கழகத்துக்குப் போய்க் காகிதத்தைச் சுடுவதாகச் சொன்னார். வகுப்பில் பிள்ளைகளிடம் காட்ட முடியாத கோபத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாராம். "நீயும் வாயேன்," என்றார். நான் மாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை போனேன்.

ஏன் போனேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். சத்தம் கூட எனக்குப் பெரிதில்லை. அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்றது. சமைக்கும்போது வரும், தலை வாரும்போது வரும், வராமலும் விடும். ஆக்லாந்துக்கு வந்து நாலு வருடமாகியும், பக்கத்து வீட்டுக்காரன் கார்க் கதவை அடித்துச் சாத்தினால் என் முதுகு கூனிப் போகும். நியூ லினுக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கழகத்தில் பாயில் குப்புறப் படுத்து, அக்காவின் துப்பாக்கியால் முதல் குண்டைச் சுட்டபோது, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெடி எப்போது வெடிக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஏனென்றால் அதை வெடிக்க வைத்தது நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டதென்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சின்னக் குண்டுக்குப் புகையே இல்லை.

பிறகு எனக்கென்று ஒன்று வாங்கினேன். முயலுக்கென்று விற்கும் சிறிய துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். நான் முயலைச் சுட்டதில்லை, முயலோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. காகிதம் போதும்.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. நான் வேலை செய்த களஞ்சியத்தில் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி ஒருநாள் வழுக்கி, வலது ஆள்காட்டி விரலின் அடியைப் பிளந்தது. தைத்தார்கள், ஆறியது. ஆனால் நரம்பு போய்விட்டது, விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. சோறு பிசைந்தால் ஒரு விரல் மட்டும் இரவல் விரல் மாதிரி இருக்கும். அதற்கெல்லாம் பழகிவிட்டேன். விசையில்தான் தோற்றேன். என் துப்பாக்கியோடு வந்த விசை கடினமானது. மணலில் இழுப்பதுபோல நறநறவென்று நீளமாக இழுபட்டு, எங்கோ ஓரிடத்தில் வெடிக்கும். அந்த இடத்தை முன்பு என் தோல் கண்டுபிடித்து வைத்திருந்தது. இப்போது விரல் ஒன்றும் சொல்லாமல் இருக்க, வெடி மட்டும் திடீரென்று வந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் நான் துள்ளினேன். பழைய வீட்டுக்கே திரும்பிப் போனதுபோல் இருந்தது. நடு விரலாலும் முயன்று பார்த்தேன், கைப்பிடி வழுகியது.

துப்பாக்கியின் பழைய விசையைக் கழற்றிவிட்டு வேறு கம்பனி செய்த விசையைப் பூட்டலாம் என்று கழகத்தில் சொன்னார்கள். எனக்கு அந்த மாதம் முழுக்கச் சனிக்கிழமை வேலை. அக்காவிடம் துப்பாக்கியைக் கொடுத்து, அவர் லைசென்ஸ் உள்ளவர்தானே, கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"என்ன மாதிரி வேணும்?"

"லேசான விசை ஒண்டு, அக்கா. இதோட மல்லுக்கட்ட ஏலாது."

"லேசா. சரி லா, நான் பார்த்துக்கிறேன்."

மாத முடிவில், அக்கா புது விசை பூட்டுவித்துத் தந்த துப்பாக்கியோடு பாயில் படுத்தேன். கண்ணை இலக்குக்குக் கொண்டுபோனேன். விரலை விசையின்மேல் வைத்தேன், வைக்கத்தான் செய்தேன். வெடித்தது.

குண்டு இலக்குக்கு மேலே மண்மேட்டில் போய் ஏறியது. அது பிறகு தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்தி, முகத்தைப் பாயில் புதைத்துக் கிடந்ததுதான். மேற்பார்வைக்காரர் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். என் துப்பாக்கியை எடுத்துக் குண்டுகளை இறக்கினார். அக்கா ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? யாருக்கும் ஒண்ணும் இல்ல, எழுந்திரு."

பயம் கோபமாக மாற எனக்கு எப்போதும் ஒரு நிமிடம் போதும். "நான் லேசானதெண்டுதானே கேட்டனான்!"

"லேசானதுதானே வாங்கிருக்கேன்! கடையிலயே இதைவிட லேசு கிடையாது! தொட்டா போதும்!"

"தொட்டா வெடிக்கிறது லேசோ? அது பேய்!"

தமிழ் தெரியாத மேற்பார்வைக்காரர் நடுவில் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். விசயம் இவ்வளவுதான். எங்கள் ஊரில் லேசு என்றால் சுலபம். சோதனை லேசு, கணக்கு லேசு. பாரம் குறைந்ததை நான் லேசு என்று சொல்வதில்லை. அக்காவுக்கு லேசு என்றால் பாரம் குறைவு, மெல்லிசு. நான் சுலபமான விசை கேட்டேன். அவர் இறகு மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். உணர்ச்சியில்லாத விரலுக்கு அதைவிட ஆபத்தான பொருள் அந்தக் கடையில் இருந்திருக்காது. மேடு இல்லாத பக்கம் துப்பாக்கி திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

வீடு திரும்பும் வழியில் அக்கா காரை டெய்ரி என்று இங்கே சொல்லும் சின்னப் பலசரக்குக் கடை ஒன்றின் வாசலில் நிறுத்தினார். இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்து ஒன்றை என் கையில் திணித்தார். "நீ பயந்தது குண்டுக்கு இல்ல. எனக்குத் தெரியும், நான் டீச்சர். சொல்லு."

சொன்னேன். ஐஸ்கிரீம் உருகிக் கையெல்லாம் வழிந்தது. அவரும் தன்னுடையதைத் தின்ன மறந்திருந்தார். அவருக்கு அது புதுமை.

"அப்ப உனக்கு எவ்வளவு கனம்ங்கறது முக்கியமில்ல," என்றார் கடைசியில். "எங்க வெடிக்கும்னு தெரியணும். அதானே?"

"ஓம்," என்றேன். இவ்வளவு நேர்த்தியாக எனக்கே அதைச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் வேலையை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற வகை. பாரம் குறைந்த விசை வேண்டாம் என்றோம்; எல்லோரும் அதைத்தானே கேட்பார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். அக்கா வகுப்பெடுப்பதுபோல என் விரலைப் பற்றி விளக்கினார். கடைக்காரர் என் விரலை வாங்கி, நுனியைத் தட்டிப் பார்த்தார், பிறகு மூட்டை மடக்கிப் பார்த்தார். தோல் போனால் போகட்டும், மூட்டுக்கு உணர்ச்சி இருக்கிறது, அதோடு பேசுகிற விசை வேண்டும் என்றார். குண்டில்லை என்று இரண்டு முறை திறந்து காட்டிவிட்டு, ஒவ்வொரு விசையாகப் பூட்டிக் கையில் தந்தார். ஒன்று வழவழவென்று இருந்தது. இழுபடுவதும் தெரியாது, முடிவதும் தெரியாது. அக்காவுக்கு அது பிடித்தது. நான் வேண்டாம் என்றேன். இன்னொன்று சற்றுக் கனம். கொஞ்சம் போய் ஒரு சுவரில் முட்டியதுபோல நின்றது. அங்கே நான் எவ்வளவு நேரமும் நிற்கலாம். இன்னும் ஒரு அழுத்து, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல டிக். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது. விலையைக் கேட்காமல் எடுத்த பொருள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமையே சுட்டேன். சுவரில் போய் நின்றேன், மூச்சை விட்டேன், நான் விரும்பியபோது வெடித்தது. பத்துக் குண்டும் அப்படியே. உடம்பு துள்ளவில்லை. புள்ளிகள் சுமார்தான், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஆனால் நான் சுட்டு முடித்துப் படுத்திருக்க, பக்கத்துப் பாயில் அக்கா சுடத் தொடங்கினார். அந்த வெடி என்னுடையதில்லை. காதுக்கவசத்தையும் மீறி என் தோள் இரண்டும் ஏறி இறங்கின. அவர் அதைக் கண்டிருக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் என் கணுக்காலில் அவருடைய சப்பாத்து வந்து பட்டது. உடனே அவருடைய துப்பாக்கி வெடித்தது. எங்கள் ஆட்களில் கால் பட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள், அதுவும் இல்லாவிட்டால் 'சொறி' என்று ஒரு மன்னிப்பாவது கேட்பார்கள். இவர் திரும்பியும் பார்க்கவில்லை. மறுபடி உதைத்தார், மறுபடி வெடித்தது. அக்காவானால் என்ன, காலால் உதைப்பதோ என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலை இழுத்துக்கொண்டேன். அவருடைய கால் தடவித் தடவித் தேடி வந்து, என் காலைக் கண்டுபிடித்துத் தட்டியது. வெடித்தது.

அப்போதுதான் புரிந்தது, அடுத்த வெடி எப்போது என்று அவர் எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். படுத்துச் சுடும்போது உடம்பில் ஒரு மயிர்கூட அசையக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். நான் காலைத் திரும்பவும் அவர் பக்கம் நீட்டி வைத்தேன். மிச்சம் இருந்த குண்டுகளுக்கெல்லாம் ஒரு தட்டு, ஒரு வெடி. அவருடைய குண்டுகளில் பாதி காகிதத்திலேயே படவில்லை.