தழும்பும் மச்சமும்

அந்தப் புகைப்பட நிலையத்தில் அவருக்கு ‘ரப்பர் அக்கா’ என்று பெயர். முன்னறையில் படம் எடுப்பவர்கள் வருவார்கள், போவார்கள். பின்னறையில், ஜன்னலை அட்டையால் மறைத்த மூலையில், இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். பருக்கள், அம்மை வடுக்கள், கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைக் காலரின் அழுக்கு என்று எது இருந்தாலும் அழித்துவிடுவார். வாடிக்கையாளர் கேட்க வேண்டியதில்லை. ரசீதில் மூன்றாவது கட்டம் ‘முழுத் திருத்தம்’. ரசீது மேசைக்கு வந்ததும் முதலில் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடுவார். பிறகுதான் படத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், கை பழகுவதற்காகத் தம்முடைய படத்தையே எடுத்துக்கொண்டு, மூக்கின் இடப்பக்கத்தில் மிளகளவு இருந்த மச்சத்தை அழித்தார். அதன்பின் அவருடைய எந்த அடையாள அட்டையிலும் அந்த மச்சம் இடம்பெறவில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அவருடைய கணவர் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அங்கே நீராவிக் குழாயின் இணைப்பு விட்டுப்போனது. இடக் காதின் கீழிருந்து தாடை வரை அவருக்கு வெந்துபோயிற்று. ஆறிய பின் அந்த இடத்துத் தோல், உருகி உறைந்த மெழுகைப் போல மடிப்பும் பளபளப்புமாக நின்றது. அவர் அதற்காகக் குமைந்தவர் அல்லர். “இத்தன வருஷம் சலவைக்கூடத்துல இருந்து நான் இஸ்திரி போட்டுக்கிட்டது இந்த ஒரு எடம்தான்” என்று தாமே சொல்லிச் சிரிப்பார்.

மூன்று மாத ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்பியபோது வாயிலில் காட்டும் அட்டைக்குப் புதுப் படம் வேண்டியிருந்தது. மனைவிதான் எடுத்தார், மனைவிதான் திருத்தினார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுநாள் காலை வாயிற்காவலர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“அண்ணே, தம்பியோட கார்ட எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேலாளர் வந்து அடையாளம் சொல்லும்வரை அரை மணி நேரம் அவர் தம் சொந்த வேலையிடத்தின் வாசலில் நின்றார். வீட்டுக்கு வந்து அட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்.

“ஊர்ல எவன் என் மூஞ்சியப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ அழிச்சிட்டியே.”

அதற்கு மேல் அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ரப்பர் அக்காவும் இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பார். அட்டைக்கு வேறொரு புகைப்படக்காரரை வைத்து நிறுவனமே அவரைப் படம் எடுத்துக்கொண்டது. கட்டாயத்துக்கு நின்ற அந்த ஒன்றைத் தவிர கணவர் பிறகு எந்தக் கேமராவின் முன்னாலும் நிற்கவில்லை. மகளின் கல்யாணத்தில்கூட, வண்டி நிறுத்துமிடத்தில் ஒழுங்கில்லை என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். ஆல்பத்தில் நானூறு படங்கள். ஒன்றே ஒன்றின் ஓரத்தில் கைக்கடிகாரம் கட்டிய ஒரு முழங்கை வந்திருந்தது. ஆல்பம் பார்க்க வருபவர்களிடம் மகள் அந்த முழங்கையைத் தொட்டு, “இதான் எங்கப்பா” என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தபோது இருவரும் மூன்று நாள் பயணமாக ஒரு பெரிய நகரத்துக்குக் கிளம்பினார்கள். சுற்றிப் பார்க்க வரும் தம்பதிகளை ஊரின் அழகான இடங்களில் நிறுத்திப் படம் எடுத்துத் தரும் நிறுவனங்கள் அங்கே நிறைய உண்டு. ரப்பர் அக்கா ஒரு மாதம் உட்கார்ந்து அவற்றின் மாதிரிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் பார்வை அது. எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று சட்டென்று பிடித்துவிடும். ஒரு நிறுவனத்தின் படங்களில் மட்டும் வயதானவர்களின் கண்ணோரச் சுருக்கங்கள் சுருக்கங்களாகவே இருந்தன. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கணவரிடம் பேச்செடுத்தார்.

“என்னங்க, ரெண்டே மணி நேரம். வெளியாளுங்க. நான் கையே வெக்க மாட்டேன்.”

“உன் கையக் கட்டிப் போட்டாத்தான் நம்புவேன்.”

“கட்டிப் போடுங்க.”

கணவர் அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தார்.

“சரி. ஆனா ஒண்ணு. என் மூஞ்சி என் மூஞ்சியா வரணும். வரலேன்னா அதோட சரி. அப்புறம் நான் கட்டையில போற வரைக்கும் போட்டோன்னு பேச்செடுக்கக் கூடாது.”

“எடுக்க மாட்டேன்.”

ரயில் கிளம்பியதும் ரப்பர் அக்கா கைபேசியில் பதிவுப் படிவத்தை நிரப்பினார். தொலைபேசி எண், நாள், நேரம், நிற்க விரும்பும் இடங்கள் என்று பதினைந்து கேள்விகள். கணவர் ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்துக்கொள்வதற்குள் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று விறுவிறுவென்று தட்டி இரண்டு நிமிடத்தில் அனுப்பியும் விட்டார்.

படம் எடுக்க வந்தவர் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி அணிந்த ஓர் இளைஞர். ஆற்றுப் பாலத்தில் இருவரையும் அருகருகே நிறுத்தித் தொடங்கினார். அவர் கணவரை ஒருமுறை பார்த்தார். உடனே வலப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

“சார், லேசா இந்தப் பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். இந்த சைடு சூப்பரா இருக்கு சார் உங்களுக்கு.”

“அந்த சைடு?” என்றார் கணவர்.

தொப்பிக்காரர் கேமராவைத் துடைத்தார். ரப்பர் அக்காவுக்குக் காது சூடேறியது.

“தம்பி, நேரா நின்னு எடுங்க. அவர் கழுத்து சுளுக்கிக்கிட்டவர் மாதிரி வரவா நாங்க இவ்ளோ தூரம் வந்தோம்?”

“இல்ல மேடம், லைட் அங்கிட்டு ஹார்ஷா விழுது.”

“லைட்டு எனக்குத் தெரியும். அந்த ரிஃப்ளெக்டர் தட்டிய இடுப்புக்குக் கீழ இறக்குங்க, ரெண்டடி பின்னால போங்க, மூஞ்சி சமமா வரும்.”

கணவர் திரும்பிப் பார்த்தார். “நீ வேலைக்கு வந்தியா, ஊர் சுத்த வந்தியா?”

“உங்களத் தனியா விட்டா முழங்கைதான் வரும்னு வந்தேன்.”

கணவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வாய் முழுவதும் திறந்து, தழும்பு இழுபட்டு, இடக் கண் சுருங்கிய முழுச் சிரிப்பு. அந்த நொடியில் ஷட்டர் விழுந்த ஓசையை ரப்பர் அக்கா கேட்டார். மீதி ஒன்றரை மணி நேரம் எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கவலையில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. வந்த காரியம் முடிந்துவிட்டது.

மறுநாள் நண்பகல், படங்களைப் பார்ப்பதற்காக இருவரும் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். இரண்டாம் மாடியில் நீளமான ஓர் அறை. சுவரை அடைத்த பெரிய திரை. இரண்டு மெத்தை நாற்காலிகள். தொப்பிக்காரர் விளக்கை அணைத்துவிட்டு, மொத்தம் பதினைந்து படங்கள் என்று சொல்லி முதல் படத்தைப் போட்டார். பாலத்தின் மேல் சிரிப்பு.

வழவழப்பான, சீரான, பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய தாடை.

கணவர் திரையை நிதானமாகப் பார்த்தார்.

“ஆள் நல்லாத்தான் இருக்கான். எப்போலேர்ந்து பழக்கம்?” என்று மனைவியிடம் கேட்டுவிட்டு எழுந்தார்.

“என்னங்க, இருங்க…”

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க. நான் கீழ இருக்கேன்.”

ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் சாலையைக் கடந்து, எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் போய் உட்கார்வது தெரிந்தது.

ரப்பர் அக்கா திரும்பினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் பின்னறையிலிருந்து ஒரு முறைகூட உயர்ந்திராத குரல் உயர்ந்தது.

“யாரக் கேட்டுக் கை வெச்சீங்க? இதென்ன சுவரா, நீங்க பாட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கறதுக்கு? அந்த ஆளு பதினோரு வருஷம் கழிச்சு நேத்துதான் கேமராவப் பாத்தார். தெரியுமா உங்களுக்கு? அவர் சிரிச்சத நான் வாங்கித் தந்தேன், நீங்க அதுல வேற ஒருத்தன் மூஞ்சிய ஒட்டி வெச்சிருக்கீங்க!”

“மேடம், எல்லாரும் கேப்பாங்க…”

“நான் கேட்டேனா? எங்க கேட்டேன்னு காட்டுங்க!”

சத்தம் கேட்டு உள்ளறைக் கதவு திறந்தது. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு, ஏறக்குறைய அவர் வயதே உள்ள ஒருவர் எட்டிப் பார்த்தார். திருத்தம் செய்பவர் அவர்தான். குறையொன்றும் இருக்காது என்ற நம்பிக்கையோடு திரையருகே வந்தார்.

“எங்கம்மா சரியில்ல? காதோரம் பாருங்க. தோலோட துளைகூட விட்டுப்போகாம வெச்சிருக்கேன். தாடியோட முளை ஒவ்வொண்ணா வரைஞ்சிருக்கேன். இதுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம்.”

ரப்பர் அக்கா பார்த்தார். சொன்னது உண்மை. அவ்வளவு நேர்த்தியான வேலையை அவர் கண்டதில்லை, செய்ததுமில்லை. அதுதான் வயிற்றெரிச்சலை இரட்டிப்பாக்கியது.

இதற்குள் தொப்பிக்காரர் பதிவுப் படிவத்தைத் திறந்து, சத்தமில்லாமல் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். பதினைந்து கேள்விகள். ஒன்பதாவது, ‘முழுத் திருத்தம்’. எதிரே ஒரு டிக்.

ரப்பர் அக்கா அதை இரண்டு முறை படித்தார். ரயிலின் ஆட்டமும், கணவரின் திறந்த வாயும், தம் கட்டைவிரல் அந்தக் கட்டத்தைத் தேடிப் போனதும் நினைவுக்கு வந்தன. தேடிக்கூடப் போகவில்லை; அது தானாகப் போயிற்று. கட்டிப் போடச் சொன்ன கை.

கோபம் அடங்கவில்லை. திசைதான் மாறியது. இப்போது அது யார்மேல் என்று சொல்லிக் கத்த முடியாததாகி, நெஞ்சுக்குள் நின்று எரிந்தது.

“மூலப்படத்த எடுங்க” என்றார்.

“ஒரிஜினல் வெளிய தர்றது எங்க வழக்கம் இல்லீங்க மேடம்.”

“எங்க வழக்கமும் அதான். இருபத்திரண்டு வருஷமா நானும் இதையேதான் சொல்லி அனுப்பறேன். எந்திரிங்க.”

கண்ணாடிக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களும் இதே வேலையா?”

“இதே வேலைதான். நகருங்க.”

அவர் நகர்ந்தார். இத்தொழிலில் ஒவ்வொரு திருத்தமும் மூலப்படத்தின்மேல் ஒரு கண்ணாடித் தாளைப் போலத் தனி அடுக்காக நிற்கும். வேண்டாத அடுக்கை அணைத்துவிட்டால் அடியில் உள்ளது தெரியும். கண்ணாடிக்காரர் ஒழுங்கானவர். ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் எழுதியிருந்தார். ‘ஆண் – தாடை’, ‘ஆண் – கழுத்து’, ‘ஆண் – கண்’. ரப்பர் அக்கா மூன்றையும் வரிசையாக அணைத்தார். மெழுகு மடிப்பு திரும்பி வந்தது. இழுபட்ட வாய் வந்தது. சுருங்கிய கண் வந்தது. சிரிப்பு இப்போதுதான் அவருடைய சிரிப்பாயிற்று.

“ஒரு பிரதி போட்டுக் குடுங்க.”

கண்ணாடிக்காரர் அச்சுக்கு அனுப்பினார். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளை எடுத்துக்கொண்டு ரப்பர் அக்கா படியிறங்கிச் சாலையைக் கடந்தார்.

கணவர் அவர் வருவதைப் பார்த்தும் அசையவில்லை.

“டிக் போட்டது நான்தான்” என்றார் ரப்பர் அக்கா நின்றபடியே. “ரயில்ல. பாக்காமப் போட்டுட்டேன்.”

“ஏன்?”

“பழக்கம்.”

“அப்போ உன் கண்ணுல படறது என் மூஞ்சி இல்ல. அழிக்க வேண்டிய எடம்.”

ரப்பர் அக்கா தாளை நீட்டினார். கணவர் வாங்க விருப்பமில்லாதவர்போல வாங்கினார். ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் அதுவரை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தம் தாடையைப் பார்த்தார். பிறகு பார்வை பக்கத்து உருவத்துக்கு நகர்ந்தது. தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். தலையை நிமிர்த்தி மனைவியின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“இது யாரு?”

“என்னங்க, தழும்புதான் வந்துடுச்சே!”

“என்னப் பத்திக் கேக்கல. இந்தப் பொம்பள யாரு? மூக்குல மச்சம் எங்க?”

ரப்பர் அக்காவின் கை தானாக மூக்கின் இடப்பக்கம் போயிற்று. ‘பெண் – மூக்கு’ என்றும் ஓர் அடுக்கு இருந்திருக்க வேண்டும். அவர் தேடவில்லை. மச்சமில்லாத அந்த முகம் சரியாக இருப்பதாகவே அவர் கண்ணுக்குப் பட்டிருந்தது.

“அது… அது போனா போகுது, விடுங்க.”

“என்னது, போனா போகுதா?” கணவர் எழுந்துவிட்டார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் இப்போது வெளியே வந்தது. “என்னோடது போனா ஊரையே கூட்டுவ, உன்னோடது போனா போகுதா? இருபத்தஞ்சு வருஷமா நான் பாத்துட்டு இருக்கற மச்சம் அது. அதத் தூக்கிப் போட எவனுக்கு உரிமை? உனக்கே கெடையாது. வா!”

அவர் காத்திருக்கவில்லை. தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்; இரண்டு இரண்டு படியாக ஏறினார். ரப்பர் அக்கா மூச்சு வாங்கப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது அவர் அந்த நீள அறையின் நடுவில், இடத் தாடை நேராகத் தொப்பிக்காரரின் பக்கம் இருக்க நின்றுகொண்டிருந்தார்.

“இவ மூக்குல இருந்தத யார் எடுத்தீங்களோ, அவங்களே திருப்பி வெச்சிடுங்க.”

கண்ணாடிக்காரர் உட்கார்ந்து சுட்டியைப் பிடித்தார்.

“இந்த ஒரு படத்துலயா சார்?”

“பதினாலு இன்னும் இருக்குல்ல? எல்லாத்துலயும்.”

“நேரம் ஆகும் சார்.”

“ஆகட்டும்” என்ற கணவர், மெத்தை நாற்காலி ஒன்றைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளி மனைவிக்குக் காட்டினார். “நீ தொடாத. நான் சொல்றேன், அவர் வைக்கட்டும். உனக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது.”